வயோலா லியூஸோ: சுட்ட காரில் இருந்த அரசின் ஆள்

அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரை உலகம் கார்களால் அறியும். ஃபோர்ட், ஜெனரல் மோட்டர்ஸ், கிரைஸ்லர் என்ற மூன்று பெரிய நிறுவனங்களும் அந்த நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் நம்பி வளர்ந்தவை. அந்நகரின் வடமேற்குப் பகுதியில், சாதாரணக் குடியிருப்புகளுக்கு நடுவே, ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. 2019 ஜூலையில் அங்கே ஒரு சிலை திறந்துவைக்கப்பட்டது. வெறுங்காலுடன் நடக்கும் ஒரு பெண்ணின் சிலை. சப்பாத்துகளைக் கையில் பிடித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கு கிளக்ஸ் கிளான் அமைப்பினர் அணியும் கூம்பு வடிவ முகமூடி ஒன்று.

சிலையில் இருப்பவர் வயோலா லியூஸோ. ஐந்து பிள்ளைகளின் தாய். 1965 மார்ச் 25ஆம் திகதி இரவு, அலபாமா மாநிலத்தின் நெடுஞ்சாலை ஒன்றில், ஓடும் காரிலிருந்து சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 39. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உயிர்விட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த இயக்கத்தில் கொல்லப்பட்ட ஒரே வெள்ளையினப் பெண் என்றும் அவரைச் சொல்வார்கள். அவருடைய ஊரில் அவருக்கு ஒரு சிலை எழ 54 ஆண்டுகள் ஆயின. ஏன் இத்தனை காலம் என்பதற்கு அந்த இரவைவிட அதற்குப் பிறகு நடந்தவற்றில்தான் விடை இருக்கிறது.

வயோலா 1925 ஏப்ரல் 11இல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தார். ஊரின் பெயர் கலிஃபோர்னியா. புகழ்பெற்ற மாநிலத்தின் பெயரைத் தாங்கிய சின்ன ஊர். தந்தை முதலாம் உலகப் போரில் சேவையாற்றியவர். நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த வெடிப்பொன்றில் வலது கையை இழந்தார். அதன்பிறகு அவருக்கு நிலையான வேலை இல்லை. தாய் ஆசிரியை. தாய்க்கு எங்கே வேலை கிடைத்ததோ அங்கே குடும்பம் இடம்பெயர்ந்தது. ஜோர்ஜியா, பின்னர் டென்னஸி. குழாய்த் தண்ணீர் இல்லாத ஒற்றை அறை வீடுகளில் வாழ்ந்தார்கள். ஒரு பாடசாலையில் ஓராண்டை முழுதாக முடிப்பதே வயோலாவுக்கு அரிது.

ஆனால் அந்த வறுமையிலும் ஒரு விடயத்தை அவர் கண்டார். தங்களைப் போலவே இல்லாமையில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் தங்களைவிடக் கீழே வைக்கப்பட்டிருந்தன. தனிப் பாடசாலை, தனித் தண்ணீர்க் குழாய், பஸ்ஸில் பின் ஆசனம். தென் மாநிலங்களில் அன்று அதுவே சட்டம்.

1941இல் குடும்பம் வேலை தேடி வடக்கே மிச்சிகன் மாநிலத்துக்கு வந்தது. போர்க்காலம். டெட்ரொய்ட்டின் கார்த் தொழிற்சாலைகள் தாங்கிகளும் குண்டுவீச்சு விமானங்களும் செய்யத் தொடங்கியிருந்தன. தெற்கிலிருந்து கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவருமாகப் பல்லாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். வேலை இருந்தது, வீடு இருக்கவில்லை. 1943 ஜூனில் அந்த நகரம் வெடித்தது. மூன்று நாள் கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர். அந்த 25 பேரிலும் 17 பேரைச் சுட்டது பொலிஸார். வயோலா டெட்ரொய்ட்டுக்கு வந்து சேர்ந்தது அதே ஆண்டில். வயது 18.

பாடசாலைப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். 16 வயதில் வீட்டைவிட்டு ஓடிச் செய்த முதல் திருமணம் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. உணவகத்தில் வேலைசெய்தபோது அதன் முகாமையாளரை மணந்தார்; இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள்; அந்த மணமும் 1949இல் முறிந்தது. பின்னர் அன்டனி லியூஸோ என்பவரை மணந்தார். ஜிம் என்று அழைக்கப்பட்ட அவர் லொறிச் சாரதிகளின் பெரும் தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸில் முழுநேர அலுவலர். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். வசதியான நடுத்தரக் குடும்பமாக டெட்ரொய்ட்டின் வடமேற்கில் வாழ்ந்தார்கள்.

இந்த விவரங்களை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிற்காலத்தில் இவை ஒவ்வொன்றையும் அவருக்கு எதிரான சாட்சியமாக எடுத்தார்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாரா எவன்ஸ் என்ற கறுப்பினப் பெண். வயோலாவின் வீட்டில் வேலைக்கு உதவியாக வந்தவர் என்று சில குறிப்புகள் அவரை ஒரு வரியில் முடித்துவிடும். உண்மையில் வயோலாவின் மிக நெருங்கிய தோழி அவரே. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தில் வயோலா இணைய வழிகாட்டியவரும் அவரே.

முப்பது வயதைக் கடந்தபின் வயோலா மீண்டும் படிக்கப் போனார். மருத்துவ ஆய்வுகூட உதவியாளராகப் பயிற்சி பெற்றார். 1962 முதல் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர மாணவி. ஐந்து பிள்ளைகளோடு. பிள்ளைகள் 16 வயதிலேயே பாடசாலையைக் கைவிட அனுமதிக்கும் விதிக்கு எதிராக, தன் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் நிறுத்திப் போராடியவர் அவர். அதற்காகக் கைதாகி, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டார். தான் பாதியில் விட்ட படிப்பின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி அலபாமாவுக்கு வருவோம். 1965இல் அந்த மாநிலத்தில் கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதியச் சென்றால் எழுத்துப் பரீட்சை, வரி, வேலைநீக்கம், அடி என்று ஒவ்வொரு படியிலும் ஒரு தடை. செல்மா நகரத்துக்குப் பக்கத்தில் லவுண்ட்ஸ் என்ற மாவட்டம். அங்கே வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அவர்களில் பதியப்பட்ட வாக்காளர் ஒருவர்கூட இல்லை.

பெப்ரவரியில் ஓர் இரவுப் போராட்டத்தின்போது ஜிம்மி லீ ஜாக்சன் என்ற கறுப்பின இளைஞரை மாநிலப் பொலிஸ்காரர் ஒருவர் சுட்டார். எட்டு நாட்களில் அவர் இறந்தார். அந்த மரணத்துக்கு நீதி கேட்டு, செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மொண்ட்கொமரிக்கு நடந்துபோவதென முடிவானது. மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. ஏறத்தாழ 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தபோது பொலிஸார் பொல்லுகளோடும் கண்ணீர்ப்புகையோடும் குதிரைகளோடும் அவர்கள்மீது பாய்ந்தார்கள். அன்றிரவு தொலைக்காட்சியில் நாடு அதைப் பார்த்தது. டெட்ரொய்ட்டில் வயோலாவும் பார்த்தார். அந்தச் சம்பவத்தைக் கேள்வியுற்றுச் செல்மாவுக்கு விரைந்த ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளையினப் போதகரை வீதியில் வைத்து அடித்தார்கள். மார்ச் 11இல் அவர் இறந்தார். அவர் யூனிட்டேரியன் திருச்சபையைச் சேர்ந்தவர். வயோலாவும் அப்போது டெட்ரொய்ட்டில் அதே திருச்சபைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தார்.

மார்ச் 16இல் பல்கலைக்கழக மாணவர்களோடு ஆர்ப்பாட்டம் ஒன்றில் நின்ற வயோலா, அதன்பின் கணவருக்குத் தொலைபேசியில் அழைத்துத் தான் செல்மாவுக்குப் போவதாகச் சொன்னார். கணவருக்கு அதில் விருப்பமில்லை. சாரா எவன்ஸ் நேராகவே சொன்னார்: போனால் கொல்லப்படலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி சாராவிடம் ஒப்படைத்துவிட்டு, தன் ஓல்ட்ஸ்மொபைல் காரில் தனியாகவே தெற்கு நோக்கிப் புறப்பட்டார். 800 மைலுக்கும் மேற்பட்ட பயணம்.

செல்மாவில் அவர் செய்த வேலையைப் பெரிய தலைவர்கள் யாரும் மேடையில் சொல்லவில்லை. வந்திறங்குகிறவர்களைப் பதிவுசெய்து இடம் காட்டும் மேசையில் இருந்தார். முதலுதவி செய்தார். ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கினார். தன் காரைப் போக்குவரத்துக்குக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு அழைத்துப் பிள்ளைகளோடு பேசினார். மார்ச் 21இல் நீதிமன்ற அனுமதியோடும் படையினரின் பாதுகாப்போடும் நடை தொடங்கியது. 25ஆம் திகதி மொண்ட்கொமரியில் மாநில அரச கட்டடத்துக்கு முன்னால் ஏறத்தாழ 25,000 பேர் நின்றார்கள். வயோலா அன்று சென்ற் ஜூட் வளாகத்திலிருந்து இறுதி நான்கு மைலை அவர்களோடு நடந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததாக நேரில் கண்டவர்கள் சொன்னார்கள். சிலையில் இருப்பது அந்த நாள்.

கூட்டம் கலைந்தது. வந்தவர்களைச் செல்மாவில் கொண்டுபோய் விட வேண்டும். வயோலாவோடு லெரோய் மோட்டன் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞரும் சேர்ந்துகொண்டார். செல்மாவில் ஆட்களை இறக்கிவிட்டு, மேலும் ஆட்களை ஏற்றிவர 80ஆம் இலக்க நெடுஞ்சாலையில் மொண்ட்கொமரி நோக்கித் திரும்பினார்கள். இருட்டிவிட்டது. செல்மாவில் ஒரு வீதி விளக்கில் நின்றபோது பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதில் நான்கு வெள்ளையர்கள். வெள்ளைப் பெண் ஓட்ட, பக்கத்தில் கறுப்பின இளைஞன் இருக்கும் வெளிமாநிலக் கார் அவர்களின் கண்ணில் பட்டது.

அந்த நால்வர் கோலி லெரோய் வில்கின்ஸ், வில்லியம் ஈட்டன், யூஜின் தோமஸ், கேரி தோமஸ் ரோ. நால்வரும் பர்மிங்ஹாம் பகுதியிலிருந்து வந்த கு கிளக்ஸ் கிளான் உறுப்பினர்கள். அன்று மாலை, புகைபோக்கி சத்தம் போடுகிறதென்று நெடுஞ்சாலைப் பொலிஸ்காரர் ஒருவர் அவர்களின் காரை மறித்து, எச்சரிக்கைச் சீட்டொன்றைக் கொடுத்துவிட்டு அனுப்பியிருந்தார்.

ஏறத்தாழ இருபது மைல் துரத்தினார்கள். வயோலா வேகத்தைக் கூட்டியும் தப்ப முடியவில்லை. லவுண்ட்ஸ் மாவட்டத்துக்குள் ஆளில்லாத ஒரு நீட்சியில் பக்கவாட்டில் வந்து சுட்டார்கள். தலையில் வெடிபட்டு வயோலா அந்த இடத்திலேயே இறந்தார். கார் வீதியைவிட்டு விலகி ஒரு வேலியில் போய் நின்றது. மோட்டனுக்குக் காயமில்லை, ஆனால் உடல் முழுக்க வயோலாவின் இரத்தம். கொலையாளிகள் திரும்பிவந்து பார்த்தபோது அவர் செத்தவர்போல் அசையாமல் கிடந்தார். அவர்கள் போனபின் இறங்கி ஓடி, வீதியால் வந்த ஒரு லொறியை மறித்தார். அதில் இருந்தவர்களும் நடையில் கலந்துகொண்டு திரும்பியவர்கள் என்பதால் உயிர் தப்பினார்.

டெட்ரொய்ட்டில் லியூஸோ வீட்டுத் தொலைபேசி நள்ளிரவில் ஒலித்தது.

மறுநாள் மதியமே ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் தொலைக்காட்சியில் தோன்றினார். பக்கத்தில் எஃப்.பி.ஐ.யின் தலைவர் ஜே. எட்கர் ஹூவர். நான்கு சந்தேகநபர்களும் கைதுசெய்யப்பட்டுவிட்டதாக ஜனாதிபதி அறிவித்தார். கொலை நடந்து 24 மணித்தியாலம்கூட ஆகவில்லை. புலனாய்வின் வேகத்தை நாடே மெச்சியது. அந்த வேகம் எப்படி வந்ததென்பது சில நாட்களில் வெளியே தெரிந்தது. காரில் இருந்த நால்வரில் ஒருவரான கேரி தோமஸ் ரோ, 1960 முதல் எஃப்.பி.ஐ.யிடம் பணம் பெற்ற உளவாளி. அன்று கிளான்காரர்களோடு மொண்ட்கொமரிக்குப் போவதைத் தன் அதிகாரிக்கு அறிவித்துவிட்டே புறப்பட்டிருந்தார். கொலை நடந்த இரவே அதையும் அறிவித்தார்.

ரோவின் பின்னணி எஃப்.பி.ஐ.க்கு நன்றாகவே தெரியும். 1961இல் பர்மிங்ஹாம் பஸ் நிலையத்தில், இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பயணம் செய்தவர்களைக் கிளான்காரர்கள் அடித்துத் துவைத்தபோது அடித்தவர்களில் அவரும் ஒருவர். தாக்குதல் நடக்கப்போவதை முன்கூட்டியே எஃப்.பி.ஐ.க்குச் சொல்லிவிட்டுத்தான் அடிக்கப் போனார். அப்படிப்பட்ட ஒருவரைத் தொடர்ந்து சம்பளத்தில் வைத்திருந்தார்கள். ஆகவே வயோலா கொல்லப்பட்டதும் ஹூவரின் முன்னால் நின்ற கேள்வி கொலையாளி யார் என்பதைவிடப் பெரியது. தன் ஆள் காருக்குள் இருக்கும்போது ஒரு பெண் எப்படிச் செத்தாள்?

அந்தக் கேள்வி எழாமலிருக்க ஒரு வழி, செத்த பெண்ணைப் பற்றி வேறு கேள்விகளை எழுப்புவது. ஹூவர் அதையே செய்தார். கொலை நடந்த மறுநாளிலிருந்தே, அவருடைய கையில் ஊசி குத்திய அடையாளங்கள் இருந்ததாகவும் போதைப்பொருள் பாவித்திருக்கலாம் என்றும், காரில் கறுப்பின இளைஞரோடு மிக நெருக்கமாக அமர்ந்திருந்ததாகவும், கணவர் சந்தேகத்துக்குரிய தொழிற்சங்கப் பேர்வழி என்றும் ஜனாதிபதிக்கும் சட்டமா அதிபருக்கும் தகவல் போனது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் போதைப்பொருளின் சுவடே இல்லை. பாலுறவு வதந்திக்கும் அந்த அறிக்கை இடம் கொடுக்கவில்லை. இருந்தும் கதை நின்றுவிடவில்லை. பத்திரிகைக்காரர்களின் காதுகளுக்கும் கிளான்காரர்களின் காதுகளுக்கும் ஒரே வேளையில் அது போய்ச் சேர்ந்தது.

டெட்ரொய்ட்டின் பக்கத்து நகரொன்றின் பொலிஸ் ஆணையாளர், வயோலா குடும்பத்தின் அந்தரங்கம் பற்றிய அறிக்கையொன்றைத் தயாரித்தார். அது செல்மாவின் ஷெரிஃப் ஜிம் கிளார்க்கின் கைக்குப் போனது. சொந்த ஊர்ப் பொலிஸ், கொலை நடந்த ஊர்ப் பொலிஸுக்குச் செத்தவளைப் பற்றி எழுதிக் கொடுத்த அறிக்கை. இதை முதன்முதல் வாசித்தபோது நான் மீண்டும் ஒருமுறை வாசித்தேன். தவறாக விளங்கிக்கொண்டேனோ என்று.

மார்ச் 30இல் டெட்ரொய்ட்டில் இறுதிச் சடங்கு நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் வந்தார். கார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வோல்டர் ரூதர், டீம்ஸ்டர்ஸ் தலைவர் ஜிம்மி ஹொஃபா என ஒருவரையொருவர் பிடிக்காதவர்களும் ஒரே தேவாலயத்தில் இருந்தார்கள். பெரியவர்கள் போனபின் குடும்பம் தனித்து நின்றது. லியூஸோ வீட்டின் முன்னால் எரிந்த சிலுவை ஒன்று கிடந்தது. கிளானின் அடையாளம் அது. அலபாமாவில் இல்லை, டெட்ரொய்ட்டில். வசைக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. வீட்டுக்கு ஆயுதக் காவல் போட வேண்டியிருந்தது. கடைக்குட்டிக்கு அப்போது ஆறு வயது. பாடசாலைக்குப் போகும் வழியில் அந்தப் பிள்ளைமீது கல் எறிந்தார்கள். எறிந்தவர்களில் பெரியவர்களும் இருந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் பெண்களுக்கான பிரபல சஞ்சிகை ஒன்று வாசகிகளிடம் கருத்துக் கேட்டது. வயோலா பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனது சரியா? பாதிக்கும் மேற்பட்டோர் அவர் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அதே செல்மாவில் கொல்லப்பட்ட ஜேம்ஸ் ரீப்புக்கும் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனதைப் பற்றி யாரும் கருத்துக்கணிப்பு நடத்தவில்லை. வயோலா இறந்த காரைக்கூட விட்டுவைக்கவில்லை. துப்பாக்கிச் சூட்டுத் துளைகளோடு அப்படியே இருக்கிறது, காட்சிக்கு வைத்துக் கூட்டம் சேர்க்கலாம் என்று அலபாமாப் பத்திரிகையில் 3,500 டொலர் விலையில் விளம்பரம் வந்தது.

வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கொலை அலபாமாவின் மாநிலச் சட்டத்தின் கீழ்தான் விசாரிக்கப்பட முடியும். ஆகவே வில்கின்ஸ்மீதான வழக்கு 1965 மேயில் லவுண்ட்ஸ் மாவட்டத்தின் ஹெய்ன்வில் நீதிமன்றத்தில் தொடங்கியது. ரோ இப்போது அரச தரப்புச் சாட்சி. சுட்டது வில்கின்ஸ் என்று சாட்சியமளித்தார். ஜூரர்கள் பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள். பத்துப் பேர் குற்றவாளி என்றும் இரண்டு பேர் இல்லை என்றும் நின்றதால் வழக்கு முடிவின்றிப் போனது. கிளானுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியவனை நம்ப முடியாதென்பது இணங்காதவர்கள் சொன்ன நியாயம். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் கிளான் ஊர்வலங்களில் வீரர்களாகக் கைதட்டல் பெற்றார்கள். ஒக்டோபரில் மறுவிசாரணை. ஜூரர்களாக வரவிருந்தவர்களில் சிலர் வெள்ளையினம் உயர்ந்ததென்று தாங்கள் நம்புவதை நீதிமன்றத்திலேயே சொன்னார்கள். அவர்களை நீக்கும்படி மாநிலச் சட்டமா அதிபர் கேட்டும் உயர் நீதிமன்றம் மறுத்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஜூரர்கள் வில்கின்ஸை விடுவித்தார்கள்.

மத்திய அரசு வேறு வழியால் போனது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய காலத்தில் கிளானுக்கு எதிராக இயற்றப்பட்ட பழைய சட்டமொன்றின் கீழ், வயோலாவின் குடியுரிமைகளைப் பறிக்கச் சதி செய்ததாக மூவர்மீதும் மொண்ட்கொமரியில் வழக்குத் தொடர்ந்தது. 1965 டிசம்பர் 3இல், அங்கும் வெள்ளை ஆண்கள் மட்டுமே கொண்ட ஜூரி, மூவரையும் குற்றவாளிகள் என்றது. தலா பத்தாண்டுச் சிறை. சிறைக்குப் போகுமுன்பே ஈட்டன் மாரடைப்பால் இறந்தார். தோமஸ்மீதான மாநிலக் கொலை வழக்கில் 1966இல் அவரும் விடுவிக்கப்பட்டார். இன்றுவரை வயோலாவின் கொலைக்காக, கொலை என்ற குற்றத்தின் பெயரில், ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ரோவுக்கு அரசு புதுப் பெயரும் புது ஊரும் கொடுத்தது. பத்தாண்டுகள் கழித்து, 1975இல், புலனாய்வு அமைப்புகளின் முறைகேடுகளை விசாரித்த செனற் குழுவின் முன்னால் அவர் சாட்சியமளித்தார். முகத்தை மறைக்க, கண்களுக்கு மட்டும் துளையிட்ட துணியுறையொன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. சுற்றிவளைப்பின்போது வரிசையில் நின்று தலையாட்டியைக் கடந்துபோனவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் அந்தச் சாட்சியம் லியூஸோ பிள்ளைகளுக்கு ஒரு கதவைத் திறந்தது. பெற்ற தாயைப் பற்றிப் பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த கதைகளின் ஊற்று எங்கே இருக்கிறதென்று அப்போதுதான் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எஃப்.பி.ஐ.யின் கோவைகளைக் கேட்டார்கள். பல இடங்களில் கறுப்பு மையால் அழிக்கப்பட்ட பக்கங்களாக அவை வந்தன. அழிக்காமல் விட்டதே போதுமானதாக இருந்தது. ஊசி அடையாளக் கதை ஹூவரின் மேசையிலிருந்து போயிருந்தது. அதை மறுக்கும் ஆய்வுகூட அறிக்கையும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

கணவர் ஜிம் லியூஸோ அதன் முடிவைப் பார்க்கவில்லை. மனைவி கொல்லப்பட்டபின் குடிக்குள் போன அவர் 1978இல் இறந்தார். அதே ஆண்டு வில்கின்ஸும் தோமஸும், உண்மையில் சுட்டது ரோதான் என்று சொன்னார்கள். அலபாமாவின் ஜூரி ஒன்று ரோமீது கொலைக் குற்றஞ்சாட்டியது. மத்திய அரசு அவருக்கு அளித்த பாதுகாப்பைக் காட்டி நீதிமன்றம் அவரை விசாரணைக்கு அனுப்ப மறுத்தது. சுட்டது யாரென்ற கேள்வி அத்தோடு நின்றுவிட்டது. ரோ 1998இல் ஜோர்ஜியாவின் சவானா நகரில், தன் புதுப் பெயரிலேயே இறந்தார்.

1979இல் ஐந்து பிள்ளைகளும் அமெரிக்க அரசுமீது வழக்குத் தொடர்ந்தார்கள். வன்முறையாளன் என்று தெரிந்த ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்து, அவன் வன்முறைக்குப் போவதை அறிந்தும் தடுக்காமல் விட்டதால் தங்கள் தாய் இறந்தார் என்பது அவர்களின் வாதம். இழப்பீடு இருபது லட்சம் டொலர். வழக்கு 1983இல் மிச்சிகன் மாநிலத்தில் விசாரிக்கப்பட்டது. ஜூரி இல்லை; தனி நீதிபதி. அவ்வாண்டு மே 27இல் தீர்ப்பு வந்தது. ரோ கொலைச் சதியில் பங்காளி அல்லர், எஃப்.பி.ஐ. கவனயீனமாக நடக்கவில்லை, வழக்கு தள்ளுபடி. அதோடு முடியவில்லை. அரசின் வழக்குச் செலவாக ஏறத்தாழ 80,000 டொலரைப் பிள்ளைகள் கட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. மேன்முறையீட்டுக்குப் பிறகு அது சில ஆயிரமாகக் குறைக்கப்பட்டது. தாயைக் கொன்ற காரில் தன் ஆளை வைத்திருந்த அரசு, அதைக் கேட்டதற்காகப் பிள்ளைகளிடம் பற்றுச்சீட்டு நீட்டியது.

அந்தத் தீர்ப்பு குடும்பத்தை ஒரே மாதிரிப் பாதிக்கவில்லை. பெண் பிள்ளைகள் மேடைகளிலும் பாடசாலைகளிலும் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். மகன்களில் ஒருவர், அரசை நம்பாத ஆயுதமேந்திய குடிமக்கள் குழுவொன்றில் மிச்சிகனில் சேர்ந்தார். வாக்குரிமைக்காகச் செத்த தாயின் மகன் அங்கே போய் நிற்பதை விமர்சித்தவர்கள் உண்டு. அவர் நடந்துவந்த பாதையைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

வயோலா எதற்காகப் போனாரோ அது நடந்தது. அவர் இறந்து ஐந்து மாதங்கள் ஆகுமுன், 1965 ஓகஸ்ட் 6இல், வாக்குரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்டார். வாக்காளர் ஒருவர்கூட இல்லாதிருந்த லவுண்ட்ஸ் மாவட்டத்தில் கறுப்பின மக்கள் சொந்தக் கட்சி கண்டார்கள். கருஞ்சிறுத்தை அதன் சின்னம். 1970இல் அந்த மாவட்டத்தின் ஷெரிஃப் பதவிக்கு ஜோன் ஹுலெட் என்ற கறுப்பினத்தவர் தெரிவானார். வில்கின்ஸை விடுவித்த அதே ஹெய்ன்வில் அந்த மாவட்டத்தின் தலைமை ஊர்.

1989இல் மொண்ட்கொமரியில் திறக்கப்பட்ட சிவில் உரிமை நினைவிடத்தில் கருங்கல்லில் பொறித்த 40 பெயர்களில் வயோலாவின் பெயரும் இருக்கிறது. 2015இல் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகம், தன்னிடம் படிப்பை முடிக்காமலே போன அந்த மாணவிக்குச் சட்டத்தில் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. மறைந்த ஒருவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் அத்தகைய பட்டம் கொடுத்தது அதுவே முதல்முறை. பிள்ளைகள் வந்து பெற்றுக்கொண்டார்கள்.

அவர் இறந்த 80ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஓரத்தில் 1991இல் கிங்கின் அமைப்பைச் சேர்ந்த பெண்கள் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 1997இல் யாரோ வந்து அதன்மீது பழைய தென்மாநிலப் பிரிவினைக் கொடியை வர்ணத்தில் வரைந்துவிட்டுப் போனார்கள். இப்போது அந்தக் கல்லைச் சுற்றி இரும்பு வேலி போட்டிருக்கிறார்கள்.